கேரவனில் மதுரைப் பக்கம் வருகிறீர்களா? ராத்திரி வண்டி நிறுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ஒத்தக்கடைப் பக்கம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு சீட்டுகளைக் கழற்றி, படுக்கையும் சின்ன அடுப்படியும் வைத்துக் கொண்டோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர் அதில்தான் ஊர் சுற்றுகிறோம். மதுரைக்கு வருகிற நண்பர்களும், அவர்களுடைய நண்பர்களும் போன் பண்ணி ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை வருகிறோம். ராத்திரி எங்கே நிறுத்திப் படுப்பது?

இடத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் அங்கே தூங்குகிறீர்கள் என்பது அந்த இடத்தைச் சேர்ந்த ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வாட்ச்மேன், டீக்கடைக்காரர், பூசாரி, மண்டபத்து மேனேஜர், யாராக இருந்தாலும் சரி.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆள் கண்ணில் படாத அமைதியான இடத்தைத்தான் தேடுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக்குப் பின்னால், கருவேல மரங்களின் மறைவில் வண்டியைச் சொருகி, விளக்கை அணைத்துப் படுத்தோம். நடுராத்திரி டார்ச் வெளிச்சம். எழுந்து பார்த்தால் வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர், கையில் கம்பு. அந்தப் பக்கத்தில் வேனில் வந்து ஆடு திருடிப் போவது நடந்திருக்கிறது. எங்களையும் அந்தக் கூட்டம் என்று நினைத்துவிட்டார்கள். அம்மாவையும் பிள்ளைகளையும் பார்த்த பிறகுதான் கம்பு கீழே இறங்கியது. அவர்களே எங்களை ஊர் மந்தைக்கு, அதாவது ஊர்ப் பொதுத்திடலுக்கு, கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் நிறுத்த வைத்தார்கள். ஒரு பெரியவர், "சாயங்காலமே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இம்புட்டுப் பேரு முழிச்சிருக்க வேண்டியதில்லையேப்பா" என்றார். அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கேட்காமல் எங்கேயும் நிறுத்தியதில்லை.

மீனாட்சியம்மன் கோவில் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ள முடியுமா?

முடியாது, அதற்காக அலையவும் வேண்டாம். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள ஆவணி மூல வீதியும் மாசி வீதியும் கார்களுக்கே நெருக்கடி. மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் வடக்கு ஆவணி மூல வீதியில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். அது காருக்கும் டூவீலருக்கும் சரி. ஒன்பது பத்தடி உயர வண்டிக்கு, மேலே ஏசி வேறு இருந்தால், அந்தக் கூரை ஒத்துவராது. வண்டியை ரிங் ரோட்டுப் பக்கமோ அழகர்கோவில் ரோட்டிலோ நிம்மதியான ஓர் இடத்தில் விட்டுவிட்டு, ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ கோவிலுக்குப் போய் வாருங்கள். ரயில்வே சுரங்கப்பாதைகளில் எழுதியிருக்கும் உயர அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் அவற்றில் தண்ணீரும் நிற்கும்.

ஹோட்டல், லாட்ஜ் வளாகத்தில் விடுவார்களா?

பல இடங்களில் ஓர் அறை எடுத்தால் விடுவார்கள். அம்மா மாதிரி வயதானவர்கள் அறையில் படுக்கட்டும், மற்றவர்கள் வண்டியில் படுங்கள். அழகர்கோவில் ரோட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு மாதிரி வெளியிடம் உள்ள விடுதிகளை முதலில் கேட்டுப் பாருங்கள். போனில் கேட்கும்போது "கார் பார்க்கிங் இருக்கா" என்று கேட்காதீர்கள். வண்டியின் நீளம், உயரம் இரண்டையும் அடிக்கணக்கில் சொல்லி, உள்ளே ஆள் படுப்போம் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அங்கே போன பிறகு வாக்குவாதம் வேண்டாம்.

கல்யாண மண்டபத்தில் நிறுத்தலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். என்னைக் கேட்டால் மதுரைப் பக்கம் இதைவிட நல்ல இடம் இல்லை. யோசித்துப் பாருங்கள்: சுற்றுச்சுவர், கேட், வாட்ச்மேன், போர் தண்ணீர், வரிசையாகக் கழிப்பறை, பஸ் திரும்புகிற அளவு இடம். முகூர்த்தம் இல்லாத நாளில் அத்தனையும் சும்மா கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அந்த மாதங்களில் மேனேஜரிடம் பேசினால் ஒரு சின்னத் தொகைக்கு வண்டியை உள்ளே விடச் சம்மதிப்பார். பிளக் பாயிண்ட் ஒன்று கொடுத்தால் கரண்டுக்குத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாளும் ஆகாது, பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு என்று சாயங்காலமே வண்டிகள் வந்துவிடும். மார்கழியில் ஒரு சங்கதி: சபரிமலை போகிற ஐயப்ப பக்தர்கள் தேனி, குமுளி வழியாகப் போவதால் அந்த ரோட்டு மண்டபங்களில் குழுக்குழுவாகத் தங்குவார்கள். அவர்களோடு சேர்ந்து தங்குவது நல்ல பாதுகாப்பு. விடிவதற்கு முன்னாலேயே பக்கத்துக் கோவிலில் திருப்பாவை ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

பெட்ரோல் பங்கில் படுக்கலாமா?

நாலுவழிச் சாலையில் இருக்கிற, ராத்திரி முழுக்க இயங்குகிற பெரிய பங்க் என்றால் ஒரு ராத்திரிக்குப் பரவாயில்லை. முதலில் டீசல் போடுங்கள். அப்புறம் ஷிப்ட் மேனேஜரைப் பார்த்துக் கேளுங்கள். பம்பு போடுகிற பையன் தலையாட்டினால் மட்டும் போதாது, பத்து மணிக்கு ஆள் மாறும். ஒருமுறை அப்படித்தான், ஒருவர் "நில்லுங்கண்ணே" என்று சொல்ல, ராத்திரி இரண்டு மணிக்கு வேறொருவர் வந்து எழுப்பி அனுப்பிவிட்டார். தூக்கக் கலக்கத்தோடு அந்த நேரத்தில் வண்டி ஓட்டியதுதான் எனக்குப் பெரிய பயம்.

டேங்கர் லாரி எண்ணெய் இறக்குகிற பக்கமும், டேங்குக்குக் காற்றுப் போகிற குழாய்கள் நிற்கிற பக்கமும் ஒதுங்காதீர்கள். அடுப்பு கூடவே கூடாது. தீக்குச்சிகூட உரசக் கூடாது. சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

டோல்கேட்?

திண்டுக்கல் ரோட்டில் கொடைரோடு, விருதுநகர் ரோட்டில் கப்பலூர், திருச்சி ரோட்டில் சிட்டம்பட்டி, தூத்துக்குடி ரோட்டில் எலியார்பத்தி, ராமேஸ்வரம் ரோட்டில் திருப்பாச்சேத்தி. மதுரையைச் சுற்றி இந்த ரோடுகளில் எதில் போனாலும் ஒரு டோல்கேட் உண்டு. வெளிச்சம், கேமரா, ஆள் நடமாட்டம் எல்லாம் இருக்கும். சத்தமும் இருக்கும். கண் அயர்கிறது, இனி ஓட்ட முடியாது என்றால் யோசிக்காமல் அங்கே போய், வண்டி வரிசைக்கு அப்பால் லாரிகள் ஒதுங்கும் இடத்தில், ஊழியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நாலு மணி நேரம் தூங்க அது போதும்.

நாலுவழிச் சாலை ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால்?

தயவுசெய்து வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எதிரே வருகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் கண் சொருகும். நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். உங்கள் வண்டியில் பின்பக்கம்தான் படுக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவுப்படி, ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்துவதும் தவறு. வண்டி பழுதாகி நின்றுவிட்டால், நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, எல்லோரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் உட்கார வைத்துவிட்டு 1033க்குக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது.

ஆற்றங்கரை, கண்மாய், தோப்பு மாதிரி இடத்தில் நிறுத்த ஆசை. எது ஆகும், எது ஆகாது?

ஆசை நியாயமானது. அதற்காகத்தானே இந்த வண்டி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வைகை வறண்டு மணலாகக் கிடக்கும். அதைப் பார்த்து உள்ளே இறக்கிவிடாதீர்கள். மதுரையில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே தேனிப் பக்கம் பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும். வைகை அணையின் உயரம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர மக்களுக்கு அறிவிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறீர்கள் என்றால் அணை எத்தனை அடி என்று அன்றைய செய்தியில் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த மாதமானாலும் ராத்திரி ஆற்றுக்குள் படுக்க வேண்டாம்.

கண்மாயின் உள்வாயும், அதாவது தண்ணீர் தேங்குகிற உள்பக்கமும், அப்படித்தான். கரைமேல் ஏற்றினால் திரும்ப இடமிருக்காது. கரையில் அய்யனாரும் கருப்பசாமியும் இருப்பார்கள், மண் குதிரைகள் நிற்கும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் பல ஊர்களில் ராத்திரி சாமி வேட்டைக்குப் போகிற இடம் என்று ஊர்க்காரர்களே அங்கே தங்க மாட்டார்கள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவர்கள் மனதைப் புண்படுத்தி ஓர் இடத்தில் தூங்குவதில் என்ன நிம்மதி இருக்கிறது. பகலில் கும்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு மந்தைக்கு வந்துவிடுங்கள்.

தோப்பு நல்ல இடம். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் கேட்டால் மறுப்பது குறைவு. மரத்துக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். காய் வேண்டாம், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே கண்ணாடி போய்விடும். மோட்டார் ரூம் பக்கத்துக் களம்தான் சரி.

மண்ணையும் பார்க்க வேண்டும். மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண், மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி, கல்லுப்பட்டி, அருப்புக்கோட்டை என்று போனால் கரிசல். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், ஒரு மழைக்குச் சக்கரத்தை விடாது. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் அப்படி மாட்டி, மறுநாள் மத்தியானம் டிராக்டர் வந்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தோம். கரிசலில் தார் ரோட்டையோ கல் பரப்பிய தளத்தையோ விட்டு இறங்காதீர்கள்.

யானைமலை, சமணர் மலை, அழகர்கோவில் அடிவாரம்?

பகலுக்கு. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் பார்த்தால் அங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கும். பொழுது சாய்ந்ததும் இடம் வெறிச்சோடிவிடும். அழகர்மலை காட்டுப்பகுதி, வனத்துறை ராத்திரி தங்க விடாது. குரங்குகள் கூட்டமாக வரும், கூரை ஜன்னலைக்கூடத் திறந்து வைக்காதீர்கள்.

கிராமத்தில் யாரிடம், எப்படிக் கேட்பது?

இருட்டுவதற்கு முன்னால் போய்விடுங்கள். ஐந்தரை, ஆறு மணிக்கு மந்தையில் ஆள் இருப்பார்கள். முதலில் டீக்கடையில் எல்லோரும் இறங்கி டீ குடியுங்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவது முக்கியம், குடும்பம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். "எந்த ஊரு?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கேட்கும்போது சொல்லுங்கள், "குடும்பத்தோட வந்திருக்கோம்ண்ணே, ராத்திரி இங்கன வண்டிய நிப்பாட்டிக்கலாமா?" பெரும்பாலும் அவர் தானாகவே ஊர்ப் பெரியவரையோ பஞ்சாயத்துத் தலைவரையோ காட்டிவிடுவார். பள்ளிக்கூட வளாகத்தைக் காட்டினால் அனுமதி யார் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஊரில் ஏதோ தகராறு இருக்கலாம், திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கலாம். காப்புக் கட்டிய ஊரில் வெளியாட்கள் தங்கக் கூடாது என்று வைத்திருப்பார்கள்.

வண்டிக்குள் சமைக்கலாமா? ஏசி, ஜெனரேட்டர் போட்டுத் தூங்கலாமா?

திருடனைப் பற்றி நூறு கேள்வி வருகிறது, இதைப் பற்றி ஒன்றிரண்டுதான் வருகிறது. நான் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள். விதியை மீறிக் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரில் அடுப்புப் பற்றவைத்தபோது நடந்தது. ஒன்பது பேர் இறந்து போனார்கள். நின்றுகொண்டிருக்கிற வண்டி, தூங்குகிற மனிதர்கள், சாத்திய கதவு, அடுப்பு. நம் கேரவனும் அதே அமைப்புதான். அன்றைக்கு அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எங்கள் வண்டியிலிருந்து உள் அடுப்பை எடுத்துவிட்டோம். இப்போது கதவுக்கு வெளியே, தரையில் வைத்துத்தான் சமையல்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில் வெளிக்காற்றுக்குத் துவாரம் வேண்டும். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். தீயணைப்பான் கதவுப் பக்கம் இருக்கட்டும். படுக்கைப் பக்கத்தில் இரண்டாவது வழி ஒன்றும் இருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்ததுதான் காரணம் என்று சோதித்துச் சொன்னார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் தெரியவே தெரியாது. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள், கரி அடுப்பைக் குளிருக்கென்று உள்ளே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். ஒருவருக்குத் தலைவலி, வாந்தி வந்து, அடுத்தவருக்கும் அதே மாதிரி என்றால் காரணம் தேடாமல் எல்லோரையும் வெளியே இறக்கிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்படியென்றால் கத்திரி வெயிலில் எப்படித் தூங்குவது?

சித்திரை, வைகாசியில் மதுரையில் பகல் 40 டிகிரியைத் தொடும், தகரக் கூரை நடுராத்திரி வரைக்கும் சூடு விடாது. பிளக் பாயிண்ட் கிடைக்கிற மண்டபமோ விடுதியோதான் அப்போது சரி. இல்லையென்றால் சாயங்காலம் கூரைமேல் தண்ணீர் ஊற்றி, ஜன்னலுக்குக் கம்பி வலையும் கொசுவலையும் போட்டு, பேட்டரி விசிறியோடு படுங்கள். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் அந்த மாதங்களில் வண்டியில் படுக்க வைக்க எனக்கு மனம் வராது.

திருவிழா சமயம்?

அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் அழகர்கோவில் ரோடு, மூன்றுமாவடி, தல்லாகுளம் முழுக்க ஜனம். உள்ளே மாட்டினால் வெளியே வர முடியாது. ரிங் ரோட்டுக்கு வெளியேயே நின்றுவிடுங்கள். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் இதே கதைதான்.

ரிங் ரோட்டில் பாண்டி கோவில் பக்கம் வருஷம் முழுக்கக் குடும்பங்கள் வேனில் வந்து கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். பத்துக் குடும்பத்துக்கு நடுவில் பதினோராவதாக நிற்பது நல்லதுதான். சாமி கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள்.

பெண்கள் மட்டும் வருகிறோம். தைரியமாக வரலாமா?

வரலாம். சுற்றுச்சுவர் உள்ள இடமாக மட்டும் பாருங்கள், முதல் நாளே போனில் பேசி வைத்துவிடுங்கள். வண்டியின் முகத்தை ரோட்டைப் பார்த்து வையுங்கள், சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், எழுந்ததும் நேராக ஓட்டிப் போகலாம். ஓட்டுநர் சீட்டுக்குப் படுக்கையிலிருந்து இறங்காமலே போக வழி வேண்டும். போலீஸின் 'காவல் உதவி' செயலியை ஏற்றி, அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 இரண்டையும் எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள். நிற்கிற இடத்தின் லொகேஷனை வீட்டுக்கு அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமில் மட்டும் மறுநாள் கிளம்பிய பிறகு போடுங்கள்.

ராத்திரி யாராவது கதவைத் தட்டினால்?

கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசுங்கள். சீருடை தெரிந்தால் உள்விளக்கைப் போட்டு ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸைக் காட்டுங்கள். யாரைக் கேட்டு நிறுத்தினோம் என்று பெயர் சொல்ல முடிந்தால் ரோந்துப் போலீஸ்காரர் அதோடு போய்விடுவார். சந்தேகமாக இருந்தால் 112ஐக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வதில் தப்பே இல்லை. வேறு ஆட்கள் என்றால் ஹாரனை அழுத்துங்கள், வண்டியை எடுங்கள். டயர் பஞ்சர் ஆகியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாலும் இறங்க வேண்டாம்.

ராமேஸ்வரம், கொடைக்கானல் போகும் வழியில்?

தனுஷ்கோடியில் ராத்திரி தங்க முடியாது, சாயங்காலமே போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். ராமேஸ்வரம் ஊருக்குள் வந்துவிடுங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பெரிய வண்டியோடு இருட்டில் மலை ஏறாமல், வத்தலக்குண்டில் தங்கி விடிந்ததும் ஏறுங்கள்.

காலையில் கிளம்பும்போது காசு கொடுக்க வேண்டுமா?

பேசிய இடத்தில் பேசிய காசு. வாட்ச்மேனுக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள், நமக்காக அவர் இரண்டு முறை சுற்றி வந்திருப்பார். கிராமத்தில் காசு நீட்டினால் சில பேர் முகம் வாடிவிடும், கோவில் உண்டியலில் போட்டுவிடுங்கள். குப்பையை உங்கள் பையிலேயே கொண்டுபோங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை மந்தையில் கொட்டாதீர்கள், கழிவறைத் தொட்டியை எந்த வாய்க்காலிலும் திறக்காதீர்கள். போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். மேலூர்ப் பக்கத்து அந்தப் பெரியவர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது முதல் நாள் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன், வேப்பமரத்தடியில் டிராக்டரை எடுத்துவிட்டு இடம் வைத்திருப்பார்.